போட் மோட்டார் ஒயரிங் என்று 1,850 வெள்ளி போய்விட்டது, யாரும் ஏமாறாதீர்கள்

ஊத்தான் மெலிந்தாங் வட்டாரத்தில் போட் வைத்திருக்கும் நம் ஆட்கள் தயவுசெய்து இதைப் படியுங்கள். வாரம் முழுக்கத் தோட்டத்திலும் மில்லிலும் வேலை பார்த்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை பெர்ணம் ஆற்றில் ஊடாங் காலா (பெரிய ஆற்று இறால்) பிடிக்கப் போகிறவர்கள் நம்மில் நிறைய பேர். போட் மோட்டார் பழுது பார்க்கும் ஒரு பட்டறையில் 1,850 வெள்ளியைப் பறிகொடுத்துவிட்டு எழுதுகிறேன். பெயரைப் போடவில்லை. புகார் கொடுக்கப் போகிறேன், அது முடியட்டும். நடந்ததை மட்டும் ஒன்று விடாமல் சொல்கிறேன்.

என்னுடையது 40 குதிரைத் திறன், டூ ஸ்ட்ரோக். சாவியைத் திருப்பினால் ‘டிக்’ என்று ஒரு சத்தம், அதோடு சரி, ஸ்டார்ட்டர் சுற்றாது. மேல் மூடியைக் கழற்றிவிட்டுக் கயிற்றைச் சுற்றி இழுத்தால் உடனே பிடித்துக்கொண்டு நன்றாகவே ஓடும். பட்டறைக்குப் போனதும் முதல் வேலையாக இதைத்தான் அந்த ஆளிடம் சொன்னேன்.

அவர் மோட்டாரைப் பார்ப்பதற்கு முன்னால் என்னைப் பார்த்தார். “எந்தத் தோட்டம் தம்பி?” என்றார். சொன்னேன். “அட, மண்டோர் மகனா நீ! உங்கப்பா கையாலதான் நான் முதல்ல தோட்டத்து வேலைக்குப் பேர் பதிஞ்சேன். அவர் போட்ட சோறு இன்னும் என் வயித்துல இருக்கு” என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். அப்பா தவறி இன்னும் வருஷம் திரும்பவில்லை. அவரைப் பற்றி ஒருவர் இப்படிப் பேசினால் மனசு இளகாமல் என்ன செய்யும்? தே தாரே வரவழைத்தார். பேச்சு முழுக்க அப்பாதான். அப்புறம்தான் எழுந்து போய் மூடியைத் தூக்கி, விரலால் நாலு ஒயரை ஆட்டிப் பார்த்தார். மீட்டர் வைக்கவே இல்லை. “ஸ்டேட்டர் அவுட்டு, சிடிஐயும் அவுட்டு. நமக்குள்ள என்ன, வெளியாளுன்னா ரெண்டாயிரத்துக்கு மேல சொல்லுவேன். நீ 1,850 குடு. சாமான் கோலாலம்பூர்ல இருந்து வரணும், முன்பணமா முழுசும் போட்டுடு” என்றார். ஸ்டேட்டர் என்றால் மோட்டாருக்குள் கரண்ட் உண்டாக்கும் சுருள், சிடிஐ என்றால் பிளக்கில் பொறி வர வைக்கும் பெட்டி. அங்கேயே நின்று கைப்பேசியில் அனுப்பினேன். 1,850 வெள்ளி.

மோட்டார் திரும்பி வந்தது. கொஞ்ச நாள் சாவியைத் திருப்பினாலே ஓடியது. ஒரு ஞாயிறு, தண்ணீர் வற்றம், ஆற்றின் நடுவில் மோட்டார் நின்றுபோனது. சாவியைத் திருப்பினால் அதே ‘டிக்’. சரி, கயிறு இருக்கிறதே என்று இழுத்தால் இந்த முறை அதற்கும் பிடிக்கவில்லை. முன்பு எப்போதும் காப்பாற்றிய கயிறு! போட்டில் என் பையனும் இருந்தான். வற்றத் தண்ணீர் எங்களை முகத்துவாரத்துப் பக்கம் இழுத்துக்கொண்டே போனது. மலாய்க்கார மீனவர் ஒருவர் பார்த்துக் கயிறு போட்டு இழுத்து வந்து ஜெட்டியில் விட்டார். எண்ணெய்க் காசுகூட வாங்க மறுத்துவிட்டார். அந்த மனிதருக்கு நான் யார்?

என் மச்சான் செம்பனை மில்லில் மின்சாரம் பார்க்கும் சார்ஜ்மேன். மறுநாள் மீட்டரோடு வந்தான். பேட்டரியில் 12.6 வோல்ட் சரியாக இருந்தது. மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி நெகட்டிவிலும், மறு முனையை மோட்டார் உடம்பிலும் வைத்துச் சாவியைத் திருப்பச் சொன்னான். மூன்று வோல்ட்டுக்கு மேல் காட்டியது. அங்கே அரை வோல்ட் தாண்டினாலே, அந்த இரண்டையும் இணைக்கும் எர்த் கேபிளில் கோளாறு என்று அர்த்தமாம். கேபிளை அழுத்திப் பார்த்தான், ரப்பருக்குள்ளே நறநறவென்றது. வெட்டினால் செம்பைக் காணோம், பச்சைப் பொடிதான் கொட்டியது. உப்புத் தண்ணீர் செய்த வேலை. ஆரம்பத்திலிருந்தே கோளாறு இதுதான். அந்த ஆள் முனையை மட்டும் தேய்த்துத் திருகிவிட்டிருக்கிறார், அதனால்தான் கொஞ்ச நாள் ஓடியது. மச்சான் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: “கயித்துல இழுத்தா ஓடுதுன்னா பொறி வருதுன்னு அர்த்தம் மச்சான். பொறி வந்தா ஸ்டேட்டரும் சிடிஐயும் எப்படிப் போயிருக்கும்?”

ஸ்டேட்டரில் கையே வைக்கவில்லை, போல்ட்டுகளில் பழைய பெயின்ட் அப்படியே இருக்கிறது. சிடிஐயை மட்டும் மாற்றியிருக்கிறார். புதுசு என்று சொல்லிப் போட்ட பெட்டியின் ஓரத்தில் உப்பு பூத்து வெள்ளையாக இருக்கிறது, ஒயரை வெட்டி முறுக்கிக் கறுப்பு டேப் சுற்றியிருக்கிறது. சூடானால் பொறி நின்றுவிடும், ஆறினால் திரும்ப வரும். ஆக, நல்ல சாமானைக் கழற்றி எடுத்துக்கொண்டு, யாரோ தூக்கிப் போட்டதை என் மோட்டாரில் மாட்டி, அதற்கு 1,850 வெள்ளி! நடு ஆற்றில் என் பையனோடு நான் நின்றேனே, அதற்கு என்ன விலை போடுவார்?

போன் செய்தேன். “நாளைக்கு வா தம்பி.” போனால் பட்டறைப் பையன், “பாஸ் வெளியூர்” என்கிறான், காடி பின்னால் நிற்கிறது. வாட்சப்பில் படம் அனுப்பினேன், நீலக்கோடு விழுந்தது, பதில் இல்லை. கடைசியில் நேரில் பிடித்தபோது, “உப்புத் தண்ணிக்கெல்லாம் கேரண்டி கெடையாது.” பழைய சிடிஐயைக் கேட்டேன். “பழைய இரும்புக்காரன் எடுத்துட்டுப் போயிட்டான்.” காசைக் கேட்டதும், “ரசீதுல சிடிஐன்னு போட்டிருக்கா?” என்றார். இல்லைதான். ‘ஒயரிங் வேலை 1,850’ என்று அவர் கையால் எழுதிக் கொடுத்த துண்டுச் சீட்டுதான் இருக்கிறது. அப்பாவின் பெயரை அன்று அவர் எடுக்கவே இல்லை.

பயனீட்டாளர் தீர்ப்பாயத்துக்குப் போகிறேன். 50,000 வெள்ளி வரைக்கும் அங்கே கேட்கலாம், மனுவுக்குக் கட்டணம் 5 வெள்ளி, வக்கீல் வேண்டாம். மூன்று வருஷத்துக்குள் போட வேண்டும். பணம் அனுப்பிய சான்று, துண்டுச் சீட்டு, படம் எல்லாம் எடுத்து வைத்திருக்கிறேன்.

மின்சாரக் கோளாறு பற்றி விவரமாக எழுத நினைத்தேன், இப்போது மனசு இல்லை. அவசரத்துக்கு இது மட்டும். ‘டிக்’ சத்தம் மட்டும் வந்தால் முதலில் பேட்டரி முனை, எர்த் கேபிள், அப்புறம் சோலனாய்டு (ஸ்டார்ட்டருக்குக் கரண்ட் விடும் சுவிட்ச்) பாருங்கள். சத்தமே இல்லையென்றால் ஃபியூஸ், கியர் நியூட்ரலில் இருக்கிறதா பாருங்கள். ஸ்டார்ட்டர் சுற்றியும் பிடிக்காவிட்டால் கில் சுவிட்ச் (அவசரத்துக்கு மோட்டாரை நிறுத்தும் சுவிட்ச்) கிளிப் சரியாக மாட்டியிருக்கிறதா பாருங்கள். மோட்டார் ஓடும்போது பேட்டரி ஒயரைக் கழற்றாதீர்கள், பேட்டரிக்குச் சார்ஜ் கொடுக்கும் ரெக்டிஃபையர் போய்விடும். மீட்டர் வைக்காமல் சாமான் மாற்றச் சொல்கிறவரிடம் காசு கொடுக்காதீர்கள். பழைய சாமானைக் கையில் வாங்கிய பிறகுதான் பணம். ரசீதில் சாமான் பெயர் இருக்க வேண்டும்.

இப்போது எங்கேயாவது பட்டறையில் மோட்டாரைக் கொடுத்திருப்பவர்கள், எடுக்கப் போகும்போது அங்கேயே மூடியைத் திறந்து சிடிஐ ஒயரில் கறுப்பு டேப் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு எடுங்கள்.