கார்பன் அம்பில் பழைய இறகைச் சுரண்டும் கருவி: வாங்கலாமா?

கார்பன் அம்புக்கு இறகு மாற்றுகிறவர்கள் பலரும் ஜிக் (இறகை நேராகப் பிடித்து ஒட்ட உதவும் சட்டம்), பசை எல்லாம் யோசித்து யோசித்து வாங்குவார்கள், ஆனால் பழைய இறகைக் கழற்ற மட்டும் கைக்குக் கிடைத்த பேப்பர் கட்டரை எடுத்துவிடுவார்கள். இதற்கென்றே விற்கிற சுரண்டும் கருவி ஒன்றைக் கொஞ்ச காலமாகப் பயன்படுத்துகிறேன். ஒரு கைப்பிடி, முனையில் சின்ன எஃகு பிளேடு, பிளேடின் விளிம்பு நேராக இல்லாமல் தண்டின் உருட்டுக்கு ஏற்றபடி உள்வாங்கி வளைந்திருக்கும். அவ்வளவுதான்.

அந்த வளைவுக்குத்தான் காசு. நேரான கத்தியை உருண்டைத் தண்டில் வைத்து ஓட்டும்போது கை கொஞ்சம் சாய்ந்தால் போதும், முனை உள்ளே இறங்கிவிடும். கார்பன் தண்டில் நார்கள் பெரும்பாலும் நீளவாக்கில் ஓடுகின்றன, அவற்றைச் சேர்த்துப் பிடித்திருப்பது எபாக்சி பிசின். நாரை அறுத்துவிட்டால் அலுமினிய அம்பு போல வளைந்து காட்டிக்கொடுக்காது, வெளியே ஒரு சின்னக் கீறலாகத்தான் தெரியும், அப்புறம் எய்யும்போது தண்டு பிளந்து சிராய் கையில் ஏறக்கூட வாய்ப்பு உண்டு. இந்தக் கருவியின் விளிம்பு இறகின் அடியில் நுழைகிற அளவுக்குத்தான் கூர். போதவில்லை என்று அதைச் சாணை பிடிக்காதீர்கள், அந்த மழுக்கம்தான் தண்டைக் காப்பாற்றுகிறது.

வேலை செய்யும் விதம் நன்றாகவே இருக்கிறது. பிளேடைத் தண்டின்மேல் கிட்டத்தட்டப் படுக்கவைத்து, இறகின் முன்முனையில் ஆரம்பித்து நீளவாக்கில் தள்ளினால் பிளாஸ்டிக் இறகு ஒரே பட்டையாகக் கழன்று வருகிறது. சூப்பர் குளூ வகைப் பசை என்றால் இறகு போன பிறகும் கண்ணாடிச் சில்லு போல ஒரு படிவு நிற்கும், இரண்டு மூன்று தடவை மென்மையாக ஓட்டவேண்டும். டேப்பால் ஒட்டுகிற சுருள் இறகுகளுக்கு இந்தக் கருவியே தேவையில்லை, விரலால் உரித்துவிடலாம்.

குறை என்றால் தண்டின் தடிமன். ஒரே ஒரு வளைவை வைத்துக்கொண்டு எல்லா அம்புக்கும் பொருந்தும் என்று அட்டையில் போட்டிருப்பதை நான் ஏற்கமாட்டேன். உலக வில்வித்தை அமைப்பான வேர்ல்ட் ஆர்ச்சரி அனுமதிக்கிற 9.3 மில்லிமீட்டர் தடித்த தண்டில் பிளேடின் இரண்டு மூலைகளும் தண்டைக் கடிக்கின்றன, 5 மில்லிமீட்டரை ஒட்டிய ஒல்லித் தண்டிலோ நடுவில் மட்டும் பட்டு, சாதாரணக் கத்தியின் குணத்துக்கே போய்விடுகிறது. நடுத்தரத் தண்டுக்குத்தான் இது கச்சிதம். வினைல் உறை சுற்றிய அம்பிலும் இதைப் போடவேண்டாம், உறை துண்டுதுண்டாகக் கிழியும்.

இன்னொன்று, பசையை இது முழுசாக எடுக்காது. எடுக்கும் என்று எதிர்பார்த்து அழுத்திச் சுரண்டினால் போவது தண்டுதான். மேல்படிவு போனதும் கருவியைக் கீழே வைத்துவிட்டு, துணியில் கொஞ்சம் அசிட்டோன் தொட்டுத் துடையுங்கள், சூப்பர் குளூ அதில் கரையும். அதற்கு முன்னால், அம்பின் பின்முனையில் நாணில் மாட்டுகிற ‘நாக்’ என்ற பிளாஸ்டிக் துண்டைக் கழற்றிவிடுங்கள், அசிட்டோன் பட்டால் அது வெடிப்பு விடும். அம்பை அதில் ஊறப்போடவும் வேண்டாம். ஹீட் கன் பக்கமே போகாதீர்கள்: எபாக்சிக்கும் கெடுதல், அம்பு முனையை மாட்டுவதற்காகத் தண்டுக்குள் சூட்டில் உருகும் பசையால் ஒட்டிய இன்சர்ட்டும் முன்னால் கழன்றுவிடும். கடைசியாக ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் ஒரு துடைப்பு. சுத்தமாகிவிட்டதா என்று பார்க்கத் தண்ணீரை ஊற்றிப் பாருங்கள். ஒரே படலமாகப் பரவினால் சரி, முத்துமுத்தாகத் திரண்டு நின்றால் எண்ணெயோ பசையோ இன்னும் இருக்கிறது, அதன்மேல் புது இறகு பிடிக்காது. உப்புத்தாள் போடுவதாக இருந்தால் ஈரத்தோடு தேயுங்கள், கார்பன் தூசி மூக்குக்குள் போகக்கூடாது.

புது இறகு ஒட்டுவதற்கு முன் பஞ்சைத் தண்டின்மேல் ஓட்டிப் பாருங்கள், நார் கிளம்பியிருந்தால் பஞ்சு மாட்டும். கண்ணாடி போட்டுக்கொண்டு, முகத்தைவிட்டுத் தள்ளிப் பிடித்து, சுழற்றிச் சுழற்றி லேசாக வளைத்தும் பாருங்கள். சடசடவென்று சத்தம் கேட்டால் அந்த அம்பை உடைத்துப் போட்டுவிடுங்கள், வேறு யாரும் எடுத்து எய்துவிடக் கூடாது.

நடுத்தரத் தண்டு வைத்துக்கொண்டு அடிக்கடி இறகு மாற்றுகிறவர்கள் தாராளமாக வாங்கலாம். ஒல்லித் தண்டுக்காரர்கள் அந்த அளவுக்கென்றே வளைத்த பிளேடு கிடைக்கும்வரை பொறுத்திருங்கள்.