விற்பதா, கூட்டுச் சேர்வதா?

அமெரிக்காவில் லாப நோக்கமற்ற வீட்டு மருத்துவச் சேவை நிறுவனம் ஒன்று நடத்த முடியாமல் திணறினால், நிர்வாகக் குழுவின் மேசைக்கு இரண்டு யோசனைகள் வரும்: தனியாரிடம் மொத்தமாக விற்றுவிடலாம், அல்லது தனியாரோடு கூட்டு நிறுவனம் தொடங்கலாம். இரண்டாவதுதான் மென்மையான வழி என்று பலர் நினைக்கிறார்கள். எனக்கு அதில் சந்தேகம் உண்டு.

விற்பனையில் கணக்கு வெளிப்படை. இந்த நிறுவனங்களுக்குப் பங்குதாரர் கிடையாது. விற்ற பணத்தை யாரும் பிரித்துக்கொள்ள முடியாது. சந்தை மதிப்புக்குக் குறையாத விலை வேண்டும், தொகை ஏதாவதொரு அறப்பணிக்கே போக வேண்டும். பல மாநிலங்களில் அரசின் தலைமைச் சட்ட அதிகாரியான அட்டர்னி ஜெனரல் இதைக் கண்காணிக்கிறார். பெரும்பாலும் அந்தப் பணத்தில் ஓர் அறக்கட்டளை உருவாகும். ஆனால் அறக்கட்டளை நிதியுதவி தரும். புண்ணுக்குக் கட்டுப்போட வீட்டுக்கு வராது.

வருவது புதிய முதலாளியின் நர்ஸ். அவர் யார் வீட்டுக்குப் போவார் என்பதில்தான் சிக்கலே. முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேர் 2020 முதல் 30 நாள் கணக்கில் பணம் தருகிறது. மருத்துவமனையிலிருந்து நேரே வீடு திரும்பியவருக்குத் தொகை அதிகம். மருத்துவமனைப் பக்கமே போகாமல் வீட்டிலேயே இருக்கும் நாள்பட்ட நோயாளிக்குக் குறைவு. முதல் 30 நாள் தாண்டினாலும் குறையும். லாபம் பார்ப்பவருக்கு யாரைத் தேடிப் போவது என்று தனியாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஏழைகளுக்கான அரசுக் காப்பீடான மெடிகெய்டை மட்டும் நம்பியிருப்பவர்கள் வரிசையில் இன்னும் பின்னால் நிற்பார்கள்.

கூட்டில் பழைய பெயர் நிலைக்கும், குழுவில் சில நாற்காலிகளும் மிஞ்சும். அன்றாட நிர்வாகம் மட்டும் பெரும்பாலும் தனியார் கைக்குப் போய்விடும். அந்தத் தனியாரே கைமாறினால்? எல்எச்சி குரூப், மருத்துவமனைகளோடு கூட்டுச் சேர்ந்தே பெரிதாக வளர்ந்த வீட்டு மருத்துவச் சேவை நிறுவனம். 2023-ல் காப்பீட்டு நிறுவனமான யுனைடெட்ஹெல்த் அதை வாங்கியது. மருத்துவமனைகள் கைகோத்தது வீட்டுச் சேவை நிறுவனத்தோடு. இப்போது பக்கத்தில் உட்கார்ந்திருப்பது காப்பீட்டு நிறுவனம்.

ஆகவே கூட்டுத்தான் என்று முடிவெடுத்தால், பங்காளி நிறுவனத்தின் உரிமையாளர் மாறும்போது பங்கைத் திரும்ப வாங்கும் உரிமையை ஒப்பந்தத்தில் எழுதி வாங்க வேண்டும். விற்பதென்றால், பணம் கட்ட முடியாதவர்களுக்கான சேவையின் அளவையும் அது எத்தனை ஆண்டுக்கு என்பதையும் எழுத்தில் கேட்க வேண்டும். வாங்கியவர் 36 மாதத்துக்குள் பெரும்பான்மைப் பங்கை மறுபடி கைமாற்றினால், சில விலக்குகள் தவிர, புதியவர் மெடிகேரில் முதலிலிருந்து பதிவு செய்தாக வேண்டும். அதனால் அவசர மறுவிற்பனைக்கு ஓரளவு தடை இருக்கிறது. 37-ஆம் மாதத்துக்கு ஒப்பந்தம்தான் துணை.