மோனைக்குச் சாதாரண அகராதி, எதுகைக்குத் தொடையகராதி

மரபுக்கவிதை எழுத இந்த இரண்டு அகராதிகளும் வேண்டும், வேலைதான் வேறு. சாதாரண அகராதி முதலெழுத்து வரிசையில் இருப்பதால் மோனை (முதலெழுத்து ஒன்றிவருவது) உடனே கிடைக்கும். 'ச'வில் சிக்கிக்கொண்டால் 'த'வையும் புரட்டுங்கள், இரண்டும் மோனையில் ஓரினம். உயிரும் பொருந்த வேண்டும்: 'சரம்' – 'தமிழ்' சரி, 'சரம்' – 'தீ' ஆகாது.

எதுகைக்கு (இரண்டாம் எழுத்து ஒன்றிவருவது) அது உதவாது. 'பட்டம்' உள்ள பக்கத்தில் 'வட்டம்' இருக்காது. வீரமாமுனிவரின் சதுரகராதியில் (1732) நான்காம் பகுதியான தொடையகராதி எதுகைச் சொற்களைச் சேர்த்தே தருகிறது. எதுகைக்கு என் முதல் தேர்வு அதுதான். எடுக்கும்போது முதலெழுத்தின் அளவை (குறிலா, நெடிலா என்று) பாருங்கள்: 'பட்டு'க்கு 'மெட்டு' சேரும், 'பாட்டு' சேராது.

வெண்பாவில் இன்னொரு சிக்கல். தேமாவான (பட்+டம்: நேர்–நேர் அசைகள்) 'பட்டம்' இருந்த இடத்தில் கூவிளமான (கட்+டளை: நேர்–நிரை அசைகள்) 'கட்டளை'யை வைத்தால், அடுத்த சீர் (அசைகள் சேர்ந்த பகுதி) நேரசையில் தொடங்க வேண்டும். தேமாவுக்குப் பின் வந்த பழைய நிரையசையை அப்படியே விட்டால் தளை தட்டும், அதாவது சீர்கள் இணையும் விதி பிழைக்கும்.