அடியில் பெயர் இல்லாத லாரி: பழைய பொம்மை வண்டி சேர்ப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

அடிப்பக்கத்தில் பெயரே இல்லாத பழைய உலோக லாரி ஒன்றை "அபூர்வமான பென்ப்ராஸ்" என்று சொல்லி யாராவது உங்களுக்கு விற்க வந்தால், பணம் கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள். பென்ப்ராஸ் என்பது பொம்மை வண்டிகள் செய்த ஒரு சின்ன பிரிட்டிஷ் நிறுவனம். நான் வாங்கிவிட்டேன். வாங்கி நான்கு மாதம் கழித்துத்தான் என் கையில் இருப்பது என்னவென்று எனக்கே தெரிந்தது.

டிங்கி, கார்கி, மேட்ச்பாக்ஸ் போன்ற பெரிய பிரிட்டிஷ் நிறுவனங்களின் வண்டிகளைச் சேர்ப்பவர்களுக்கு இந்தச் சிக்கல் அவ்வளவாக இல்லை. எந்த வண்டி எந்த ஆண்டு, எந்த நிறம், எந்தச் சக்கரம் என்று எல்லாமே பதிவாகியிருக்கிறது. சின்ன நிறுவனங்களின் கதை வேறு. சார்பென்ஸ், பென்ப்ராஸ், மோர்ஸ்டோன், கிரெசன்ட் போன்றவர்கள் நிறையச் செய்தார்கள், குறைவாகவே எழுதிவைத்தார்கள். சில வண்டிகளில் 'மேட் இன் இங்கிலாந்து' என்பதைத் தவிர வேறு எழுத்தே இருக்காது. மோர்ஸ்டோன் என்ற பெயரில் வந்த வண்டிகளே பின்னால் பட்ஜி என்ற பெயரில் வந்தன. டிங்கியின் பழைய டைகள் (உலோகத்தை உருக்கி ஊற்றி வார்க்கும் அச்சுகள்) சில கல்கத்தாவுக்குப் போய், அங்கே நிக்கி டாய்ஸ் என்ற பெயரில் வண்டிகளாக வார்க்கப்பட்டன. டை கைமாறும், பெயர் மாறும், சில நேரம் பெயர் அழிந்தே போகும். இதை எல்லாம் தேடித் தெரிந்துகொள்வதில் உள்ள சந்தோஷத்துக்காகத்தான் நான் சின்ன நிறுவனங்கள் பக்கம் வந்தேன். என்னை ஏமாற்றியவர் கைவைத்ததும் சரியாக அந்த இடத்தில்தான்.

அவரிடம் அதற்கு முன் இரண்டு சின்ன வண்டிகள் வாங்கியிருந்தேன். இரண்டும் சொன்னது சொன்னபடியே இருந்தன. ஒன்றின் சக்கரம் மாற்றப்பட்டது என்பதை அவரே முன்கூட்டிச் சொன்னார். அதனால் மூன்றாவதாக இந்த லாரியின் படத்தை அனுப்பியபோது எனக்குச் சந்தேகமே வரவில்லை. "1950களின் தொடக்கம், பென்ப்ராஸ், அசல் பெயின்ட், அடியில் பெயர் பொறிப்பதற்கு முந்தைய வார்ப்பு" என்று எழுதியிருந்தார். அடியில் ஏன் ஒன்றுமே இல்லை என்று கேட்டேன். "சார், நிக்கி டாய்ஸ் அடியில் டிங்கி பெயரை அழித்திருப்பதைப் பார்த்ததில்லையா, அதுபோலத்தான்" என்றார். எனக்குத் தெரிந்த ஓர் உண்மையையே எடுத்து என்னிடம் நீட்டினார். நம்பிவிட்டேன்.

லாரி வந்தது. அழகாகத்தான் இருந்தது. ஆனால் முதல் நாளே ஒன்று உறுத்தியது: சக்கரங்களைத் தாங்கும் ஆக்சில் கம்பியின் முனையில் வண்டியின் பச்சை நிறம் ஒட்டியிருந்தது. அந்தக் காலத்துத் தொழிற்சாலைகளில் பெரும்பாலும் முதலில் உடலுக்குப் பெயின்ட் அடித்துக் காயவைப்பார்கள், அப்புறம்தான் கம்பியைச் செருகிச் சக்கரத்தை மாட்டி முனையை நசுக்குவார்கள். அப்படியானால் கம்பி வெறும் உலோகமாகத்தான் இருக்க வேண்டும். அதில் பெயின்ட் இருந்தால், வண்டி முழுதாகச் சேர்ந்த பிறகு யாரோ பெயின்ட் அடித்திருக்கிறார்கள் என்று அர்த்தம். அவரிடம் கேட்டேன். சின்னத் தொழிற்சாலைகளில் அப்படித்தான் செய்தார்கள் என்றார். இல்லை என்று சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை. அன்றே திருப்பி அனுப்பியிருக்க வேண்டும்.

நான்காவது மாதம் பின்பக்கச் சேஸிஸில், சக்கரத்துக்கு மேலே, முடிபோல ஒரு கோடு தெரிந்தது. ஒரு வாரத்தில் அந்த இடத்துப் பெயின்ட் செதிலாகக் கிளம்பியது. அதற்குக் கீழே இருந்தது உலோகம் இல்லை, பட்டி. காரில் அடிபட்ட இடத்தில் பட்டி பார்ப்பார்களே, அதேதான். ஊசியால் லேசாக நெம்பினேன், துண்டாக வந்தது. உள்ளே உலோகம் வரிவரியாக வெடித்திருந்தது.

பழைய துத்தநாக வார்ப்புகளுக்கு வரும் நோய் இது. துத்தநாகக் கலவையில் ஈயம் போன்ற அசுத்தங்கள் கொஞ்சம் கலந்திருந்தால்கூட, உலோகத்தின் நுண்ணிய மணிகளுக்கு (படிகங்களுக்கு) இடையே அரிப்பு தொடங்கி, வண்டி மெல்ல மெல்ல வீங்கி, வளைந்து, வெடித்து, கடைசியில் பொடியாகிவிடும். ஈரமும் வெப்பமும் அதை வேகப்படுத்தும். பக்கத்தில் இருக்கும் வண்டிக்கு ஒட்டிக்கொள்ளாது, ஆனால் தொடங்கிவிட்டால் மருந்து கிடையாது. மேலே பட்டி வைத்துப் பெயின்ட் அடித்தாலும் உள்ளே உலோகம் தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கும். இதில் கவனிக்க வேண்டிய ஒன்று: இந்த நோய் இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய வார்ப்புகளில்தான் அதிகம், போருக்குப் பிந்தையவற்றில் குறைவு. 1950களின் லாரி என்று சொல்லப்பட்டதில் சேஸிஸ் மட்டும் இப்படி நொறுங்க, கேபின் கெட்டியாக, நேராக இருந்தது. இரண்டும் ஒரே வண்டியில் பிறந்தவையாக எனக்குத் தோன்றவில்லை.

அப்புறம்தான் அடிப்பக்கத்தை ஒழுங்காகப் பார்த்தேன். மேலிருந்து வெளிச்சம் விழுந்தால் ஒன்றும் தெரியாது. டார்ச்சைப் பக்கவாட்டில், கிட்டத்தட்டப் படுக்கவைத்துப் பிடித்தபோது, நடுவில் ஒரு நீள்சதுரம் மட்டும் மெல்லிய பள்ளமாகத் தெரிந்தது. லென்ஸில் பார்த்தால் ஒரே திசையில் ஓடும் அரக் கீறல்கள். ஓர் ஓரத்தில், ஏதோ எழுத்தின் வால்போல ஒரு சின்ன மேடு மிச்சமிருந்தது. இந்த இடத்தைக் கொஞ்சம் விளக்க வேண்டும். பொம்மையில் எழுத்து புடைத்து நிற்க வேண்டுமானால் டையில் அது குழியாக வெட்டப்பட்டிருக்கும். தொழிற்சாலையில் அந்தப் பெயரை நீக்க டையில் அந்த இடத்தைச் சுரண்டி எடுத்தால், பொம்மையில் அது மேடான பட்டையாக வந்து விழும். குழியை அடைத்தால் சமமாக வரும். பள்ளம் வராது. பள்ளமும் கீறலும் இருந்தால், பொம்மை வார்க்கப்பட்டு வெளியே வந்த பிறகு யாரோ அதை அரத்தால் அராவியிருக்கிறார்கள்.

நடந்தது என்னவென்று அப்போது புரிந்தது. பெரிய நிறுவனத்தின் பெயர் போட்ட, நோய் பிடித்து உடைந்த சேஸிஸ் ஒன்று. அதற்கு மதிப்பே இல்லை. அந்தப் பெயரை அராவி எடுத்து, வெடிப்பை அடைத்து, வேறெங்கோ கிடைத்த கேபினைப் பொருத்தி, யாராலும் சட்டென்று மறுக்க முடியாத ஒரு சின்ன நிறுவனத்தின் பெயரைச் சூட்டியிருக்கிறார்கள். பிரபலமான பெயரைப் போலியாகப் பொறிப்பதைப் பற்றி நாம் எல்லோரும் எச்சரிக்கையாக இருக்கிறோம். பிரபலமான பெயரை அழித்து ஏமாற்றுவார்கள் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை.

விற்றவரிடம் படங்களோடு கேட்டேன். முதலில் நான் கீழே போட்டிருப்பேன் என்றார். பிறகு, "சீரமைக்கப்பட்டது என்றுதான் சொன்னேன்" என்றார். விளம்பரத்தைத் தேடினால் அது நீக்கப்பட்டிருந்தது. நான் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருக்கவில்லை. பணம் திரும்பவில்லை. அதற்கு மேல் அவரைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

எனவே வாங்கும்போது விளம்பரத்தை, எழுத்தும் படமும் சேர்த்து, அன்றே சேமித்துவிடுங்கள். 'அசல்' என்று யாராவது சொன்னால், எது அசல் என்று பிரித்துக் கேளுங்கள்: பெயின்ட்டா, சக்கரமா, அடித்தகடா, பெட்டியா? பக்கவாட்டு வெளிச்சத்தில் எடுத்த அடிப்பக்கப் படம் கேளுங்கள். ஆக்சில் முனைகள், ரிவெட்டுகள் இவற்றின் நெருக்கமான படம் கேளுங்கள். ரிவெட்டின் தலையில் துளையிட்ட தடமோ, அதன் இடத்தில் திருகாணியோ தெரிந்தால், அந்த வண்டி ஒருமுறை பிரிக்கப்பட்டுவிட்டது. நேர்மையானவர்கள் இந்தப் படங்களை எடுத்து அனுப்ப அலுத்துக்கொள்வதில்லை, என் அனுபவத்தில் சந்தோஷமாகவே அனுப்புகிறார்கள். கையில் வந்த பிறகு, சேஸிஸ் நேராக இருக்கிறதா என்று ஒரு கண்ணாடித் தகட்டின் மேல் வைத்துப் பாருங்கள். நான்கு சக்கரமும் தொடவில்லை என்றால் ஏன் என்று யோசியுங்கள். அதே மாதிரி இன்னொரு வண்டி நண்பரிடம் இருந்தால் இரண்டையும் வெர்னியர் அளவுகோலால் நுணுக்கமாக அளந்து பாருங்கள். அசலிலிருந்து அச்செடுத்து மறுபடி வார்த்தது, உலோகம் ஆறும்போது சுருங்குவதால், அசலைவிடக் கொஞ்சம் சிறியதாக இருக்கும்.

சீரமைப்பது தப்பில்லை. உடைந்த வண்டிக்கு உயிர் கொடுப்பவர்கள் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. சீரமைத்தேன் என்று சொல்லி விற்கட்டும், நானே வாங்குவேன்.

பணம் போனதைவிட எனக்கு வலிப்பது வேறு. நான் இந்த லாரியின் படத்தை, வந்த வாரத்திலேயே, "பெயர் இல்லாத பென்ப்ராஸ்" என்ற குறிப்போடு நான்கு பேருக்கு அனுப்பியிருந்தேன். அதில் ஒருவர் தன் பட்டியலில் அப்படியே குறித்துவைத்துவிட்டார். இந்தச் சின்னத் தொழிற்சாலைகளைப் பற்றி நமக்கு மிச்சமிருப்பதே இப்படிப்பட்ட குறிப்புகள்தான். இன்னும் பத்து வருடத்தில் அந்த வரியைப் பார்த்து யாராவது இல்லாத ஒரு லாரியைத் தேடிக்கொண்டிருப்பார்கள். நால்வருக்கும் எழுதிவிட்டேன். பட்டியல் வைத்திருந்தவர் அந்த வரியை அடித்துவிட்டு, ஏன் அடித்தேன் என்ற குறிப்பையும் பக்கத்தில் எழுதியிருக்கிறார்.

லாரியை நான் விற்கவில்லை, விற்கவும் மாட்டேன். மிச்சமிருந்த பட்டியையும் சுரண்டி எடுத்துவிட்டேன். அராவிய அந்த நீள்சதுரத்துக்குள், அழியாத மையில், "சேர்த்து ஒட்டியது, பென்ப்ராஸ் அல்ல" என்று எழுதி அலமாரியில் வைத்திருக்கிறேன்.