பிளக்கா, வயரா? படகு என்ஜினில் பழுது பார்க்க எந்த வழி சரி

மன்னார், யாழ்ப்பாணம் பக்கம் ஃபைபர் படகுகளில் ஓடும் இரண்டு சிலிண்டர் மண்ணெண்ணெய் அவுட்போர்டு (படகின் பின்புறம் வெளியே மாட்டும் என்ஜின்) ஒன்றை எடுத்துக்கொள்வோம். வேகம் ஏறவில்லை, மிஸ்ஸிங் அடிக்கிறது. ஒரு சிலிண்டர் எரியவில்லை என்பது சத்தத்திலேயே தெரிகிறது. கோளாறு எரிபொருளைப் பொறியால் பற்றவைக்கும் பிளக்கிலா, அதற்குக் கரண்ட் கொண்டுவரும் வயரிலா?

பலரும் உடனே செய்வது ஒன்றுதான். பிளக்கைக் கழற்றி, வயரின் தொப்பியில் மாட்டி, என்ஜின் உடம்பில் ஒட்ட வைத்துக் கயிற்றை இழுப்பார்கள். பொறி தெரிந்தால் பிளக், வயர் இரண்டும் நன்றாக இருப்பதாக முடிவு. இந்தச் சோதனையை நான் நம்புவதில்லை. வெளிக்காற்றில் 0.6 மி.மீ. இடைவெளியைத் தாண்ட இரண்டு மூவாயிரம் வோல்ட் போதும். சிலிண்டருக்குள் அழுத்தம் ஏறியதும் அதே இடைவெளிக்குப் பல மடங்கு வேண்டும். வயரின் ரப்பரில் கீறல் இருந்தால், கரண்டுக்கு அந்தக் கீறல் வழியாக உடம்புக்குத் தாவுவதே சுலபம். வெளியே நீலமாகப் பொறி விட்ட பிளக் உள்ளே சும்மா இருப்பது இதனால்தான்.

கடலில் இருந்தால் பிளக்குகளை இடம் மாற்றிப் பார்ப்பதே நல்லது. பிளக் ஸ்பேனர் ஒன்று போதும். கோளாறு பிளக்கோடு சேர்ந்து அடுத்த சிலிண்டருக்குப் போனால் பிளக்தான் காரணம். அதே சிலிண்டரில் நின்றால் வயர், தொப்பி, காயில் (வயருக்கு உயர் வோல்ட் தரும் சுருள்) என்று பின்னோக்கிப் போக வேண்டும். மண்ணெண்ணெயில் ஓடும் என்ஜினில் இரண்டு பிளக்குமே கரி பிடித்திருக்கலாம், அப்போது இந்த வழி ஏமாற்றும். இடம் மாற்றும் முன் இரண்டின் நுனியையும் பாருங்கள்: இளம்பழுப்பு நல்லது, எண்ணெய் கோத்த கறுப்பு எரியாததன் அடையாளம்.

கரையில் என்றால் என் ஓட்டு ஸ்பார்க் டெஸ்டருக்குத்தான்; பிளக்குக்குப் பதிலாக வயரில் மாட்டி, பொறி தாண்டும் இடைவெளியைக் கூட்டிக் குறைக்கும் கருவி அது. இடைவெளியை மேனுவல் சொல்லும் அளவுக்கு, பல என்ஜின்களில் 6 முதல் 9 மி.மீ. வரை, வைத்து இழுக்கலாம். அவ்வளவு தூரத்தைப் பொறி பளிச்சென்று தாண்டினால் வயர் மேல் சந்தேகம் பெரும்பாலும் தீர்ந்தது, பிளக்கை மாற்றலாம். ஒன்று கவனம்: சிடிஐ (எலக்ட்ரானிக் யூனிட் மூலம் பொறி தரும்) என்ஜினில் கழற்றிய வயரை அந்தரத்தில் தொங்கவிட்டு இழுக்கக்கூடாது, யூனிட்டே போய்விடலாம். உடம்போடு எர்த் செய்துவிட்டுத்தான் இழுக்க வேண்டும்.

மல்டிமீட்டர் இதில் பாதி உதவிதான். வயர் உள்ளே அறுந்திருந்தால் காட்டும். ரெசிஸ்டர் தொப்பி (உள்ளே மின்தடை உள்ளது) என்றால் பொதுவாக 5 கிலோ ஓம் வாக்கில் காட்ட வேண்டும். ஆனால் மீட்டர் அனுப்புவது சில வோல்ட்தான். ஆயிரக்கணக்கான வோல்ட்டில் மட்டும் கசியும் கீறல் அதற்குத் தெரியாது.

அதைக் காட்டுவது இருட்டு. என்ஜினைத் தண்ணீர் டிரம்மில் இறக்கி ஓட்டி, மூடியைத் திறந்து, வயர் மேல் லேசாகத் தண்ணீர் தெளித்தால் கசியும் இடத்தில் நீலப் பொறி ஊர்வது கண்ணுக்குத் தெரியும். கையால் தொடவேண்டாம். படகுக்குள்ளேயே இருக்கும் பெட்ரோல் இன்போர்டின் மூடிய என்ஜின் அறையில் இதைச் செய்யவே கூடாது, ஆவி பற்றிக்கொள்ளும்.

பாதி நேரம் கோளாறு தொப்பிக்குள் இருக்கும். கழற்றிப் பாருங்கள், செம்புக் கம்பி உப்பில் பச்சை பூத்திருக்கும். வயரில் நீளம் மிச்சம் இருந்தால் அந்த நுனியை ஒரு சென்டிமீட்டர் வெட்டி, சிலிக்கான் கிரீஸ் தடவித் தொப்பியைத் திருகினால் புது வயர் வாங்காமலேயே என்ஜின் ஓடும்.