துபாய் வீட்டு விற்பனை முகாம்: பாதிக் கணக்கைத்தான் சொன்னார்கள்

புதுச்சேரி கடற்கரைச் சாலைக்குப் பக்கத்தில் ஒரு ஹோட்டலில் துபாய் அடுக்குமாடி வீடுகளுக்கான விற்பனை முகாம் நடந்தது. துபாய் பக்கத்து நடைமுறையைத் தெளிவாக விளக்கினார்கள். இங்கிருந்து பணம் அனுப்புகிறவர் ஏற்க வேண்டியதைப் பற்றி மட்டும் வாய் திறக்கவில்லை. ஓய்வுக்காலப் பணத்தோடு வருகிறவர்களுக்கு இது பெரிய குறை.

என் தம்பி நெய்வேலியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். கைக்கு வந்த பணத்தில் வாடகை வருமானத்துக்கு வழி செய்ய வேண்டும் என்பது அவன் எண்ணம். நான் கடலூரில் வங்கியின் அந்நியச் செலாவணிப் பிரிவில் இருந்தவள் என்பதால், "அக்கா, நீயும் வா" என்று அழைத்தான். அவன் மனைவியும் உடன் வந்தாள். "இவ்வளவு தூரம் போய் எதற்கு? லாஸ்பேட்டையிலேயே வாங்கக் கூடாதா?" என்று உறவினர் சிலர் கேட்டார்கள். நம் ஊரில் வீட்டு விலைக்கு ஏற்ற வாடகை வருவதில்லை. அவன் எண்ணத்தில் எனக்குக் குறை தெரியவில்லை.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். எங்களுக்கு விளக்கிய பெண் விஷயம் தெரிந்தவர். கட்டுமானத்தில் இருக்கும் வீட்டுக்குச் செலுத்தும் பணம் கட்டுநரின் சொந்தக் கணக்குக்குப் போகாமல், துபாயின் 2007ஆம் ஆண்டு 8ஆம் எண் சட்டப்படி, அந்தக் கட்டுமானத்துக்கென்றே ஒதுக்கிவைக்கும் எஸ்க்ரோ என்ற வங்கிக் கணக்கில் சேர வேண்டும் என்பதையும், 'ஊகூத்' என்ற இடைக்காலப் பதிவு நம் பெயரில் நடக்க வேண்டும் என்பதையும் கேட்காமலே சொன்னார். நிலத்துறைக்கு விலையில் 4 சதவீதம் பதிவுக் கட்டணம் உண்டு என்பதையும் மறைக்கவில்லை. கட்டடத்தின் மாதிரியை மேஜையில் வைத்து, எந்த ஜன்னலுக்கு மேற்கு வெயில் படும் என்று விரல் வைத்துக் காட்டினார். மனதாரப் பாராட்டுகிறேன்.

இனி அவர்கள் கையில் கொடுத்த தாள். ஒற்றைப் படுக்கையறை வீடு, 650 சதுர அடி, விலை 7,50,000 திர்ஹாம். திர்ஹாமுக்கு 24 ரூபாய் என்று போட்டால் 1 கோடியே 80 லட்சம். முதல் தவணை 20 சதவீதம், அதாவது 36 லட்சம். பதிவுக் கட்டணத்துக்கு 7 லட்சத்து 20 ஆயிரம். ஆக, முதலில் அனுப்ப வேண்டியது 43 லட்சத்து 20 ஆயிரம் ரூபாய். தாள் அதோடு நின்றுவிட்டது.

அதன் பின்பக்கத்தில் மீதியை நான் எழுதினேன். ஒரு நிதியாண்டில் 10 லட்சத்துக்கு மேல் இப்படி அனுப்பினால், மிகுதித் தொகைக்கு 20 சதவீதத்தை டி.சி.எஸ். என்ற முன்கூட்டிய வரியாக வங்கி வசூலிக்கும். தம்பிக்கு அது 6 லட்சத்து 64 ஆயிரம். வருமான வரிக் கணக்கில் அதைக் கழித்துக்கொள்ளலாம், மிஞ்சினால் திரும்பவும் வரும். ஆனால் ஓய்வூதியக்காரருக்குக் கட்ட வேண்டிய வரியே கொஞ்சம்தான். கணக்குத் தாக்கல் செய்து பணம் திரும்பும்வரை அவ்வளவு தொகையும் முடங்கிக் கிடக்கும். இதைக் கேட்டதும் தம்பி என்னைத் திரும்பிப் பார்த்தான். விற்பனையாளரோ, "அது உங்கள் ஆடிட்டர் பார்த்துக்கொள்வார், மேடம்" என்றார். அந்தப் பதில் எனக்குச் சற்றும் பிடிக்கவில்லை. 43 லட்சம் கேட்கிறவர் கூடவே இன்னும் 6 லட்சம் எடுத்து வைக்க வேண்டும் என்று சொல்லித்தான் ஆக வேண்டும்.

அதற்குள் இன்னொருவர் வந்து, முன்பதிவுத் தொகையைக் கிரெடிட் கார்டில் இப்போதே செலுத்தினால் விலை உறுதி என்றார். நான் தடுத்துவிட்டேன். இந்தியாவில் வசிக்கிறவர் வெளிநாட்டில் வீடு வாங்க, ரிசர்வ் வங்கியின் தாராளப் பணம் அனுப்பும் திட்டத்தில் தன் வங்கிக் கணக்கிலிருந்து, காரணத்தைக் குறிப்பிட்டு அனுப்புவதே முறை. ஆளுக்கு நிதியாண்டுக்கு இரண்டரை லட்சம் டாலர் வரம்பு. இங்கே கடன் வாங்கி அதற்கு அனுப்ப வங்கிகள் இடம் தரக் கூடாது.

எட்டு சதவீத வாடகை வருமானம் என்று சுவரில் பெரிதாக எழுதியிருந்தார்கள். 60,000 திர்ஹாம் வாடகை வந்தாலும், கட்டடப் பராமரிப்புக்குச் சதுர அடிக்கு 16 திர்ஹாம் வீதம் 10,400 போகும். வாடகைக்கு விட்டுப் பார்த்துக்கொள்பவருக்கு 5 சதவீதம், 3,000. கையில் நிற்பது 46,600. அதாவது 6 சதவீதத்துக்குச் சற்று மேல், அதுவும் வீடு ஒரு நாளும் காலியாக இல்லாவிட்டால். துபாயில் வருமான வரி கிடையாது என்பது உண்மை. கடலூரில் வசிக்கும் தம்பிக்கு அந்த வாடகை இங்கே வரிக்கு உட்பட்டது. வீட்டை ஆண்டுதோறும் வரிப் படிவத்தின் வெளிநாட்டுச் சொத்து அட்டவணையில் காட்ட வேண்டும். விட்டுவிட்டால் 2015ஆம் ஆண்டின் கறுப்புப் பணச் சட்டப்படி 10 லட்சம் ரூபாய்வரை அபராதம் வரலாம். அங்கே நீண்ட காலம் தங்க அனுமதிக்கும் கோல்டன் விசா பற்றிய பதாகையும் இருந்தது. அதற்கு 20 லட்சம் திர்ஹாம் மதிப்புள்ள சொத்து வேண்டும். எங்களுக்குக் காட்டிய வீடு அதில் பாதிக்கும் கீழே.

ஒரு டாலருக்கு 3.6725 திர்ஹாம் என்று திர்ஹாமின் மதிப்பு டாலரோடு கட்டப்பட்டிருக்கிறது. ரூபாய் சரிந்தால் மீதித் தவணைகள் ஏறும். பிறகு வாடகையும் ரூபாயில் கூடுதலாக வரும் என்றாலும், தவணை முன்னே, வாடகை பின்னே.

அன்று கேட்கப்பட்டவற்றில் சிறந்த கேள்வி தம்பி மனைவியுடையது. அதுவரை பேசாமல் இருந்தவள், "இவருக்குப் பிறகு இந்த வீடு என் பெயருக்கு எப்படி வரும்?" என்றாள். அங்கே இருந்த ஒருவருக்கும் பதில் தெரியவில்லை. துபாயில் முஸ்லிம் அல்லாதவர்கள் உயில் பதிவு செய்ய டி.ஐ.எஃப்.சி. என்ற அங்குள்ள சர்வதேச நிதி மையத்தில் 2015 முதல் வசதி இருக்கிறது. நான் சொன்னதை அந்தப் பெண் குறித்துக்கொண்டார். அறுபது வயதுக்காரர்களுக்கு வீடு விற்க வந்தவர்கள் இதற்குத் தயாராக வந்திருக்க வேண்டாமா?

"வெளியே வந்ததும் நிம்மதியாக இருக்கிறது, அண்ணி" என்றாள் அவள். தம்பி கையெழுத்துப் போடவில்லை. பராமரிப்புக் கட்டணம் எவ்வளவு, உயில் பதிவுக்கு யார் உதவுவார்கள் என்ற இரண்டையும் எழுத்தில் கேட்டு மின்னஞ்சல் அனுப்பினான். முதல் கேள்விக்குப் பதில் வந்துவிட்டது. இரண்டாவதும் வந்தால்தான் பேச்சைத் தொடர்வேன் என்று விற்பனையாளரிடம் சொல்லியிருக்கிறான்.