டயர்ல போட்டிருக்கிற 44-ங்கிற காத்து அளவை நம்பி ஒரு மாசச் சம்பளத்தை விட்டேன். கார் வச்சிருக்கிறவங்க படிங்க

டயர் கிளைமுக்கு நேத்து சாயங்காலம்தான் கம்பெனியோட கடைசிப் பதில் வந்துச்சு. இன்னும் கோவம் அடங்கல, அதனால முன்னுக்குப் பின் இருந்தா பொறுத்துக்கோங்க.

நாலு புது டயர். என்னோட ஒரு முழு மாசச் சம்பளம். போட்டு ஒன்னேகால் வருஷம், 18,000 கிலோமீட்டர் ஓடியிருக்கு. நாலும் நடுவுல மொட்டை. ரெண்டு ஓரத்துலயும் பட்டன் (ரோட்டைப் பிடிக்கிற மேடு) வாங்கினப்போ இருந்த மாதிரியே நிக்குது, நடுவுல மட்டும் தேய்மானக் குறி வரைக்கும் வந்துடுச்சு. அந்தக் குறியோட உயரம் 1.6 மில்லிமீட்டர். நடுவுல பட்டன் அது மட்டத்துக்கு வந்துட்டா டயர் அவ்வளவுதான், ஓரம் எவ்வளவு நல்லா இருந்தாலும் சரி.

கடை பேரு வேண்டாம். பல கிளை, கண்ணாடிக் கதவு, உக்கார சோபா, சுவரெல்லாம் டயர் மாட்டி வச்ச பெரிய ஷோரூம்னு மட்டும் வச்சுக்கோங்க. பஞ்சர் கடைக்காரர்கிட்டயே போயிருக்கலாம். பெரிய கடைன்னா தப்பு நடக்காதுன்னு நினைச்சேன் பாருங்க, அங்கதான் ஆரம்பம்.

டயர் மாட்டி முடிச்சுட்டு காத்து வைக்கிறப்போ நான் பக்கத்துலதான் நின்னேன். மிஷின்ல 44 செட் பண்ணாங்க. எனக்கு ஒரு மாதிரி இருந்துச்சு. டிரைவர் கதவைத் திறந்தா தூண்ல ஒட்டியிருக்கிற ஸ்டிக்கர்ல 32-னு இருக்கும், அது எனக்கு நல்லா ஞாபகம். கேட்டேன். கேட்கலைன்னு யாரும் என்னைச் சொல்ல முடியாது.

சூப்பர்வைசர் கொஞ்சம்கூட சலிச்சுக்கல. என்னோட சேர்ந்து தரையில குத்துக்கால் போட்டு உக்காந்து, துணியால டயர் பக்கவாட்டைத் துடைச்சு, செல்போன் லைட்டை அடிச்சுக் காட்டுனார். பொடி எழுத்துல 44 பி.எஸ்.ஐ., அதாவது காத்தழுத்த அளவு. "சார், அந்த ஸ்டிக்கர் கம்பெனியில வந்த பழைய டயருக்கு. இது புது டயர், இதுலயே எழுதியிருக்கு பாருங்க. டயர் செஞ்சவனுக்குத் தெரியாதா?" அந்த ஒரு கேள்வியில நான் விழுந்துட்டேன். அந்த 44-க்கு முன்னாடி 'மேக்ஸ்'னு ஒரு வார்த்தை இருந்துச்சு. அவர் கட்டைவிரல் அது மேல இருந்துச்சா, இல்ல நான்தான் படிக்கலையான்னு இப்போ எவ்வளவு யோசிச்சாலும் ஞாபகம் வரல.

அது உச்ச வரம்புங்க. அதுக்கு மேல போகாதேன்னு சொல்ற நம்பர். இவ்வளவு வைன்னு சொல்ற நம்பர் இல்ல. அதே சைஸ் டயர் சின்ன காருக்கும் போகும், கனமான காருக்கும் போகும். என் கார் எவ்வளவு எடை, முன்னாடி எவ்வளவு விழுது, பின்னாடி எவ்வளவு விழுதுன்னு டயர் செஞ்சவனுக்கு எப்படித் தெரியும்? கார் செஞ்சவனுக்குத்தான் தெரியும், அவன்தான் கதவுல ஒட்டியிருக்கான். டயர் சைஸ் மாறலைன்னா, எந்தக் கம்பெனி டயர் மாட்டினாலும் அந்த ஸ்டிக்கர் நம்பர்தான்.

இதோட நிறுத்தல. நைட்ரஜன் போட்டா சூட்டுல பிரஷர் ஏறவே ஏறாது, செக் பண்ணவே வேண்டாம்னு சொல்லி அதுக்குத் தனியா காசு. நாம சும்மா வைக்கிற காத்துலயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். அதுவும் சூடானா விரியும், குளிர்ந்தா சுருங்கும். கசிவு கொஞ்சம் குறையும், ஈரம் இருக்காது, அவ்வளவுதான் லாபம். ஆனா நான் நைட்ரஜனுக்குன்னு மாட்டிவிட்ட பச்சை வால்வு மூடியைப் பார்த்துட்டு பெருமையா வீட்டுக்கு வந்தேன்.

மறுநாளே வீட்டுல சொன்னாங்க, "என்னங்க, வண்டி இப்படிக் குதிக்குது?"ன்னு. "புது டயர், செட்டாகணும்"னு அந்தச் சூப்பர்வைசர் சொன்னதை நானே ஒப்பிச்சேன். ஸ்டியரிங் லேசா சுத்துச்சு, அதையும் நல்லதுன்னு நினைச்சேன். மழையில ஒரு தடவை பிரேக் போட்டா நினைச்ச இடத்துல நிக்கல. ரோட்டைக் குத்தம் சொன்னேன். காத்து அதிகமானா டயர் நடுவுல உப்பி, அந்த நடுப்பகுதி மட்டும்தான் ரோட்டை அழுத்திப் பிடிக்கும். பிடிமானமும் குறையும், தேய்மானமும் அங்கயேதான். இது எனக்கு இப்போ தெரியுது.

இலவச செக்கப்னு சொன்னதால ஒன்னேகால் வருஷமும் அதே கடைக்குத்தான் போனேன். போறப்பல்லாம் மறுபடி 44.

வேற ஒரு இடத்துல அலைன்மெண்ட் (சக்கரம் நேரா நிக்குதான்னு) பார்க்கப் போனப்போதான் விஷயம் வெளிய வந்துச்சு. வயசான மெக்கானிக். மிஷின் பக்கமே போகல, உள்ளங்கையை டயர் மேல குறுக்கால ஓட்டிட்டு, "இவ்வளவு காத்து யாருங்க வச்சது?"ன்னு கேட்டார். காத்து அளக்கிற கேஜ் 43 காட்டுச்சு, ராத்திரி முழுக்க நின்ன வண்டியில. நாலையும் 32-க்கு இறக்கி விட்டார், காசு வாங்கல.

அங்கிருந்து நேரா ஷோரூமுக்குக் கிளம்பினேன். போற வழியில டேஷ்போர்டுல மஞ்சளா டயர் லைட் எரிய ஆரம்பிச்சுடுச்சு. அதோட உள்ள போனது என் கெட்ட நேரம். சூப்பர்வைசர் லைட்டைப் பார்த்ததும் சிரிச்சார். "பாருங்க சார், உங்க காரே சொல்லுது காத்து கம்மின்னு." என்கிட்ட பதில் இல்ல. அன்னிக்குத் தலை குனிஞ்சுட்டு வெளிய வந்தேன்.

வீட்டுக்கு வந்து காரோட கையேட்டைப் படிச்சப்போதான் புரிஞ்சுது. என் கார்ல அந்த டயர் லைட், ரீசெட் பட்டனை அமுக்குறப்போ என்ன பிரஷர் இருக்கோ அதையே சரியான அளவுன்னு ஞாபகம் வச்சுக்கிற வகை. இவங்க 44 வச்சுட்டு ரீசெட் அமுக்கியிருக்காங்க. ஞாபகம் வச்ச அளவுல கால்வாசி குறைஞ்சா லைட் எரியும். 44-ல கால்வாசி குறைஞ்சா 33. நான் 32-ல போறேன், லைட் எரியாம என்ன செய்யும்? அவங்க பொய்யை என் காருக்கும் சொல்லிக் கொடுத்து வச்சிருக்காங்க!

மறுபடி போனேன். இந்தத் தடவை "அலைன்மெண்ட் போயிருக்கும் சார்." அலைன்மெண்ட் போனா ஒரு ஓரம் தேயும், நாலு டயரும் நடுவுல தேயுமா? "நீங்க ஓட்டுற விதம் அப்படி." சரி, கடைசியா கம்பெனிக்கு கிளைம் போடுறோம்னு ஒரு டயரை மட்டும் கழட்டி வச்சுக்கிட்டாங்க. ஒன்பது நாள் ஸ்டெப்னியில ஓட்டினேன், நல்லவேளை அது முழு சைஸ். நேத்து பதில்: உற்பத்திக் குறை இல்லை, அதிகக் காற்றழுத்தத்தால் ஏற்பட்ட தேய்மானம், கிளைம் நிராகரிப்பு.

நான் சொன்னதைத்தான் கம்பெனியும் எழுதியிருக்கு! காகிதத்தை எடுத்துக்கிட்டு ஓடினேன். அப்போ அந்த மனுஷன் சொன்னதைக் கேளுங்க: "நாங்கதான் வச்சோம்னு என்ன சார் ஆதாரம்? பில்லுல அளவு போடலையே." பில்லை எடுத்துப் பார்த்தா 'நைட்ரஜன் 4'-னு மட்டும் இருக்கு. நாலு டயருக்கு. மேனேஜர், மேலிடத்துல பேசிட்டு கூப்பிடுறேன்னார். ராத்திரி வரைக்கும் கூப்பிடல, நான் கூப்பிட்டா எடுக்கல. காலைல ஒரு மெசேஜ் மட்டும் வந்துச்சு, அடுத்த செட் டயருக்குப் பத்து சதவீதம் தள்ளுபடியாம். ஒரு மாசச் சம்பளத்தை வழிச்சு எடுத்துட்டு, இன்னொரு மாசச் சம்பளத்தைக் கேட்கிறாங்க.

டயர் பிரஷரை எப்படித் தேர்ந்தெடுக்கிறதுன்னு விலாவாரியா எழுதணும்னுதான் உக்காந்தேன். இப்போ முடியல. கைக்கு வர்றதை மட்டும் சொல்றேன்.

கதவுத் தூண் ஸ்டிக்கரை இப்பவே போட்டோ எடுத்து வச்சுக்கோங்க. சில கார்ல பெட்ரோல் மூடிக்குள்ள இருக்கும். முன்னுக்கும் பின்னுக்கும் வேற வேற நம்பர் இருக்கலாம், ஆளும் பெட்டியுமா ஏத்தினா வைக்க வேண்டியதும் தனியா போட்டிருக்கும்.

சொந்தமா ஒரு கேஜ் வாங்குங்க. வண்டி மூணு மணி நேரமாவது நின்ன பிறகு, இல்லைன்னா ரெண்டு கிலோமீட்டருக்குள்ள ஓடியிருந்தா மட்டும் பாருங்க. ஓட்டின சூட்டுல நாலஞ்சு பி.எஸ்.ஐ. ஏறிக் காட்டும், அதைப் பார்த்து காத்தை இறக்கிடாதீங்க. மாசத்துக்கு ஒரு பி.எஸ்.ஐ. அளவுக்குத் தானா இறங்கும், அதனால நைட்ரஜனா இருந்தாலும் மாசம் ஒரு தடவை பார்க்கணும்.

என் கதையைக் கேட்டுட்டு ரொம்பக் குறைச்சும் வச்சுடாதீங்க. அப்போ ரெண்டு ஓரமும் தேயும், டயர் நெளிஞ்சு நெளிஞ்சு சூடாகி வேகத்துல வெடிக்கலாம், அது இதைவிட மோசம்.

காத்து சரியா வச்ச பிறகுதான் ரீசெட். பில்லுல எத்தனை பி.எஸ்.ஐ.-னு எழுதி வாங்குங்க, எழுத மாட்டேன்னா வெளிய வந்துடுங்க.

கழட்டின டயர் இன்னும் அவங்ககிட்டதான் இருக்கு. நாளைக்குக் காலைல போய் வாங்கணும், கேஜோட.